மடக்குக் குடை மக்கர் செய்தால் எங்கே பார்ப்பது

குடை கெட்டுப்போனது நமக்குத் தெரியவருவது எப்போதும் மழையில்தான். கோடை முழுக்க, காயாத ஈரத்தோடு பரண்மேல் கிடந்து துருப்பிடித்த மூட்டு, ஐப்பசியில் பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது வேலையைக் காட்டும். அந்த நேரத்தில் ஒன்றும் செய்ய முடியாது, நனைந்துகொண்டே வீட்டுக்கு வர வேண்டியதுதான். வந்து தலையைத் துவட்டிய பிறகு என்ன செய்யலாம் என்பதற்குத்தான் இந்தக் குறிப்புகள்.

என் வீட்டில் இருக்கும் குடைகளில் பாதியையாவது நான் பிரித்துப் போட்டிருக்கிறேன். அதில் ஒன்றை மறுபடி சேர்க்க முடியாமல் போனது. அந்தக் கதை கீழே வரும். ஆரம்பத்தில் எனக்கு வழி சொன்னவர், மழைக்காலத்தில் மட்டும் எங்கள் மார்க்கெட் ஓரத்தில் சாக்கு விரித்து உட்காரும் குடை ரிப்பேர்காரர். "எல்லாரும் உடைஞ்ச இடத்தையே பாக்குறாங்க சார். அதுக்கு உள்பக்கம் இருக்கிற மூட்டைப் பாருங்க" என்றார். அதற்குப் பிறகு நான் சரிசெய்த குடைகளில் பெரும்பாலானவற்றில் அது பலித்தது.

முதலில் குடை எப்படி விரிகிறது என்று பார்த்துவிடலாம்

கடையில் த்ரீ ஃபோல்டு என்று சொல்லும் மூன்று மடிப்புக் குடையையே எடுத்துக்கொள்வோம். மூடினால் ஒரு சாணுக்குச் சற்று அதிகம், விரித்தால் ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. நடுவில் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குழாய்களால் ஆன தண்டு. உச்சியில் ஒரு குமிழ், அதிலிருந்து தொங்கும் எட்டு மேல்கம்பிகள். தண்டின்மேல் ஏறி இறங்கும் ஒரு பிளாஸ்டிக் வளையம். அந்த வளையத்திலிருந்து கிளம்பும் எட்டு தாங்குகம்பிகள் மேல்கம்பிகளை நடுவழியில் பிடித்துக்கொண்டிருக்கும்.

ஒவ்வொரு மேல்கம்பியும் மூன்று துண்டு, இடையில் ரிவெட் அடித்த மூட்டுகள். வளையத்தை மேலே தள்ளினால் தாங்குகம்பி முதல் துண்டை விரிக்கிறது. சரி, வெளியே இருக்கும் துண்டுகளை யார் விரிக்கிறார்கள்? மேல்கம்பியை ஒட்டியே ஒரு மெல்லிய கம்பி ஓடுவதைப் பாருங்கள். வெளித்துண்டின் வால் மூட்டைத் தாண்டிக் கொஞ்சம் உள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். இந்த மெல்லிய கம்பி அந்த வாலை இழுக்க, ஏற்றம் இறைக்கிற துலா மாதிரி மறுமுனை வெளியே எழும். குடையின் மொத்த சூட்சுமமும் இந்த மெல்லிய கம்பியில் இருக்கிறது. அறுந்தால் முதலில் அறுவதும் அதுதான்.

தண்டை மடக்கிக் கைக்கடக்கமாக்கிய குடையைச் சந்தைக்குக் கொண்டுவந்தவர் ஹான்ஸ் ஹாப்ட் என்ற ஜெர்மானியர். முதல் உலகப் போரில் காயம்பட்டு ஊன்றுகோலோடு நடந்தவர். ஒரு கையில் கோல், இன்னொரு கையில் நீளக் குடை என்றால் கதவை எப்படித் திறப்பது? 1920களின் இறுதியில் அவருடைய குடை 'க்னிர்ப்ஸ்' என்ற பெயரில் வெளிவந்தது. பொடியன் என்று அர்த்தம். ஜெர்மனியில் எந்த மடக்குக் குடையையும் அந்தப் பெயரால் அழைக்கும் அளவுக்கு அது பரவியது.

இன்னும் ஒன்று. துணியும் இந்த எலும்புக்கூட்டில் ஓர் உறுப்பு. கம்பிகளை வில் என்றால் துணிதான் நாண். எட்டு வில்லுக்கும் ஒரே நாண். ஓரிடத்தில் நாண் தளர்ந்தால் பக்கத்து இரண்டு வில்லும் கோணிக்கொள்ளும். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே சொல்பவை எல்லாம் தானாகவே விளங்கும்.

கையில் வேண்டியவை: கூர்மூக்குக் குறடு, ஊசி, கெட்டியான நைலான் நூல், இரண்டு மூன்று ஜெம் கிளிப், கொஞ்சம் மெல்லிய ஜிஐ கம்பி (துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி), தையல் மெஷின் எண்ணெய். முடிந்தால் செத்துப்போன குடை ஒன்று.

துணியின் மூலை கம்பியிலிருந்து கழன்றுவிட்டது

இருப்பதிலேயே எளிய கோளாறு. அதனாலேயே எல்லாரும் தள்ளிப்போடுவார்கள். தள்ளிப்போடாதீர்கள். இழுப்பு போன அந்தக் கம்பி நிமிர்ந்து நிற்கும், மழை மூலை வழியாகத் தோளில் வடியும். அடுத்த காற்றுக்குப் பக்கத்துக் கம்பி இரண்டு மடங்கு சுமையோடு நிற்கும்.

கம்பியின் நுனியில் சின்ன ஓட்டையோ, துளையுள்ள ஒரு முனைத்தொப்பியோ இருக்கும். துணி மூலையில் மடித்துத் தைத்த தடிப்பான பகுதியில் ஊசியை ஏற்றி, நுனி ஓட்டைக்குள் நாலைந்து முறை நூலை ஓட்டி, கழுத்தைச் சுற்றி இரண்டு சுற்று சுற்றி முடிச்சுப் போடுங்கள். சாதாரணத் தையல் நூல் ஒரு மழைக்காலத்தில் இற்றுவிடும். நைலான் நூல் இல்லையென்றால் பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூல் நன்றாகவே வேலை செய்கிறது. தைக்கும்போது குடையைப் பாதி மட்டும் விரித்து வைத்துக்கொள்ளுங்கள். முழுக்க விரித்தால் துணி எட்டாது.

தைத்த பிறகும் அதே மூலை திரும்பத் திரும்பக் கழன்றால் குற்றம் நூலில் இல்லை. அந்தக் கம்பியின் உள்மூட்டு ஒன்று அளவுக்கு மேல் திறந்து துணியை இழுக்கிறது. அடுத்த பகுதிக்கு வாருங்கள்.

ஒரு மூலை தொங்குகிறது, அல்லது ஒரு மூலை மட்டும் வானத்தைப் பார்க்கிறது

இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் நோய் வேறு வேறு.

குடையை விரித்துத் தலைகீழாகத் தரையில் வையுங்கள். உட்புறம் உங்களைப் பார்த்து இருக்கட்டும். கெட்ட கம்பியையும் அதற்குப் பக்கத்துக் கம்பியையும் மூட்டுக்கு மூட்டு ஒப்பிடுங்கள். குடை ரிப்பேரில் இது பெரிய வசதி: ஒன்று கெட்டிருந்தால், சரியாக இருக்கும் மாதிரி ஏழு கண்முன்னாலேயே இருக்கிறது.

மூலை தொங்கினால் மெல்லிய இழுகம்பியைத் தேடுங்கள். ஒன்று அது நடுவில் முறிந்திருக்கும், அல்லது முனையில் கொக்கிபோல வளைத்த பகுதி வாலின் ஓட்டையிலிருந்து கழன்றிருக்கும். கழன்றது என்றால் அதிர்ஷ்டம். ஓட்டையில் மறுபடி மாட்டிக் குறடால் கொக்கியை நெருக்கினால் போதும். முறிந்திருந்தால் புதிய ஜிஐ கம்பியை அதே நீளத்தில் வெட்டி இரு முனையிலும் கொக்கி வளைக்க வேண்டும். நீளத்தைப் பக்கத்துக் கம்பியில் அளந்துகொள்ளுங்கள். ஒரு நெல்லளவு கூடினாலும் வெளித்துண்டு முழுக்க விரியாது; குறைந்தால் துணி கிழியும். முதல்முறை எனக்கு மூன்று துண்டு வீணானது.

இழுகம்பி நன்றாக இருந்து மூலை தொங்குகிறதா? ரிவெட்டைப் பாருங்கள். சிறிய உள்ளீடற்ற ரிவெட்டுகள்தான் எல்லா மூட்டிலும் இருக்கும். தலை தேய்ந்தால் அது சத்தமில்லாமல் எங்கோ விழுந்துவிடும். ஜெம் கிளிப்பை நிமிர்த்தி ஓட்டைக்குள் விட்டு, இருபுறமும் வளைத்து நெருக்கி, மிச்சத்தை வெட்டுங்கள். ரொம்ப இறுக்கிவிட்டால் மூட்டு மடங்காது, மடங்காத மூட்டை அழுத்தினால் கம்பி வளையும். விரலால் தட்டினால் மூட்டு தளர்வாக ஆட வேண்டும். வெட்டிய முனை துணியைப் பார்க்காமல் உள்பக்கம் திரும்பியிருக்கட்டும். இல்லையென்றால் இரண்டே நாளில் துணியில் ஊசி ஓட்டை.

மூலை மேல்நோக்கி நின்றால் விஷயம் வேறு. மூட்டு நேர்கோட்டைத் தாண்டித் திறக்காமல் இருக்க, தகட்டின் விளிம்பே ஒரு தடுப்பாக வேலை செய்கிறது. காற்றில் குடை திரும்பும்போது இந்த விளிம்பு விரிந்துபோகும். குறடால் அந்த விளிம்பை மெதுவாகப் பழையபடி நெருக்குங்கள். நெருக்கிய பிறகு இரண்டு மூன்று முறை மடக்கி விரித்துப் பாருங்கள். துணி கழன்ற மூலையும் இப்படித்தான் மேலே நிற்கும். ஆகவே முதலில் தையலைப் பார்த்துவிட்டுக் குறடை எடுங்கள்.

கம்பியே வளைந்துவிட்டது

மேல்கம்பியை வெட்டிப் பார்த்தால் 'ப' எழுத்து மாதிரி இருக்கும். இங்கிலாந்தில் ஸ்டாக்ஸ்பிரிட்ஜ் ஊரைச் சேர்ந்த சாமுவேல் ஃபாக்ஸ் 1852இல் கொண்டுவந்த வடிவம் அது. அதற்கு முன் திமிங்கில எலும்பு என்று சொல்லப்பட்ட, திமிங்கிலத்தின் வாய்த்தகட்டில் கம்பி செய்தார்கள், கனம் தாங்காது. மெல்லிய எஃகுத் தகட்டை 'ப' போல மடித்தால் எடை குறைவு, விறைப்பு அதிகம். மூடும்போது ஒரு துண்டுக்குள் இன்னொன்று படுத்துக்கொள்ளும்.

ஆனால் அந்த விறைப்பு முழுக்க இரண்டு பக்கச் சுவர்களை நம்பி இருக்கிறது. ஓரிடத்தில் சுவர் நசுங்கிவிட்டால் அந்த இடம் வெறும் தகடு. நிமிர்த்துவது எளிது, அடுத்த காற்றுக்கு அதே இடத்தில் மடங்குவது அதைவிட எளிது. எனவே நிமிர்த்திய பிறகு எலும்பு முறிவுக்குக் கட்டுவது போலப் பத்தை வைத்துக் கட்ட வேண்டும். செத்த குடையிலிருந்து நாலு விரல் நீளத்துக்கு ஒரு 'ப' துண்டு வெட்டி, முறிந்த இடத்தின்மேல் கவிழ்த்து, மெல்லிய செம்புக் கம்பியால் இரு பக்கமும் நெருக்கமாகச் சுற்றுங்கள். மூட்டுக்கு மிக அருகில் முறிந்திருந்தால் பத்தை உட்காராது. அந்தக் கம்பியையே மாற்ற வேண்டும். அதற்கு ரிப்பேர்காரரிடம் போவதே மேல்.

இரண்டு எச்சரிக்கை. அலுமினியக் கம்பியை ஒரே ஒரு முறைதான் நிமிர்த்தலாம், இரண்டாவது முறை கையோடு வரும். வெளித்துண்டு ஃபைபராக இருந்தால் அது வளையாது, நார் நாராகப் பிளக்கும். வெறும் விரலால் தடவாதீர்கள். அந்தச் சிலாம்பு கண்ணுக்குத் தெரியாது, இரண்டு நாள் குத்திக்கொண்டே இருக்கும்.

நாலைந்து கம்பி ஒரே நேரத்தில் கழன்று ஆடுகிறது

பார்க்கப் பயமாக இருக்கும், குடையே போய்விட்டது என்று தோன்றும். உண்மையில் உடைந்தது ஒரு கம்பித் துண்டு மட்டும்தான். உச்சிக் குமிழைச் சுற்றி எட்டு காடிகள், ஒவ்வொன்றிலும் ஒரு மேல்கம்பியின் தலை. எட்டுத் தலையின் ஓட்டை வழியாகவும் ஒரே கம்பி சுற்றிவந்து முறுக்கப்பட்டிருக்கும், பூக்களை நார் கோத்த மாதிரி. கீழ் வளையத்திலும் தாங்குகம்பிகளை இதேபோல ஒரு கம்பி கோத்திருக்கும். முறுக்கு துருப்பிடித்து அறுந்தால் வரிசையாகக் கழன்று வரும்.

வளையத்தில் அறுந்திருந்தால் அரை மணி நேர வேலை. பழைய கம்பியை உருவிவிட்டு, 20 கேஜ் ஜிஐ கம்பியால், அதாவது கிட்டத்தட்ட 0.9 மி.மீ. தடிமனில், மறுபடி கோத்து முறுக்கி, முறுக்கைக் காடிக்குள் மடக்கிவிடுங்கள். கோக்கும்போது இரண்டு கம்பி இடம் மாறிவிட்டால் குடை மூடவே மூடாது. அதனால் பிரிப்பதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

உச்சியில் அறுந்திருந்தால் மேல்தொப்பியைக் கழற்றித் துணியை விலக்க வேண்டியிருக்கும். சில குடைகளில் அது திருகு, சிலவற்றில் ஒட்டியது. ஒட்டியதைப் பிடுங்கினால் குமிழும் சேர்ந்து உடையலாம். அங்கே நான் கை வைப்பதில்லை.

விரித்தால் நிற்காமல் வளையம் சரிகிறது

உச்சிக்குச் சற்றுக் கீழே, தண்டின் துளையிலிருந்து ஒரு சிறிய நாக்கு வெளியே துருத்தும். வளையம் அதைத் தாண்டியதும் நாக்கு வளையத்தின் அடியில் முட்டுக் கொடுக்கும். சரிகிறது என்றால் மூன்றில் ஒன்று. நாக்கு துருவிலோ மணலிலோ சிக்கி வெளியே வரவில்லை: ஒரு சொட்டு எண்ணெய், ஊசியால் நாலு ஆட்டு. நாக்கு வருகிறது, ஆனால் சொங்கிப்போய்விட்டது: ஊசியால் நெம்பிக் கொஞ்சம் வெளியே வளைத்துவிடுங்கள். நாக்கு நன்றாக இருக்கிறது, வளையத்தின் பிளாஸ்டிக் உள்வாய் தேய்ந்துவிட்டது: இதற்கு வீட்டு மருந்து கிடையாது. நடுவழியில் மாட்டிக்கொண்டால் துணி காயப்போடும் கிளிப் ஒன்றை வளையத்துக்குக் கீழே தண்டில் மாட்டுங்கள். சிரிப்பார்கள், ஆனால் வீடுவரை நிற்கும்.

மூட்டுகளுக்கும் நாக்குக்கும் தேங்காய் எண்ணெய் வேண்டாம். சில மாதங்களில் பிசினாகித் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

தண்டு தானாகக் குறுகுகிறது

குழாய்கள் நீண்டதும் பொருந்திக்கொள்ள, ஒவ்வொரு இணைப்பிலும் சின்னக் குமிழோ நாக்கோ உண்டு. அது முழுக்க வெளியே வந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பெரும்பாலும் கடைசி அரை அங்குலத்தை நாம் இழுத்திருக்க மாட்டோம். 'டிக்' என்ற சத்தம் கேட்காமல் குடையை விரிக்காதீர்கள். குழாய் இறுக்கமாக இருந்தால் எண்ணெய் விடாமல் ஈரத்துணியால் துடைத்துக் காயவைத்து, பென்சில் முனையால் மேலே கீழே தேய்த்துவிடுங்கள். கிராஃபைட் தூசியைப் பிடிக்காது. குழாய் நசுங்கியிருந்தால் விட்டுவிடலாம்.

காற்றில் குடை மறுபக்கம் திரும்பிவிட்டது

கம்பிகளை ஒவ்வொன்றாகக் கையால் அழுத்தி நேராக்க நினைப்பதுதான் எல்லாருடைய முதல் வேலை. நிறைய முறிவுகள் இந்த அழுத்தலில்தான் நடக்கின்றன. காற்றுக்கு முதுகு காட்டி நின்று, வளையத்துக்கு முட்டுக் கொடுக்கும் நாக்கை அமுக்கி வளையத்தை மெதுவாகக் கீழே இழுங்கள், அதாவது குடையை மூடுங்கள். இழுகம்பிகளே வெளித்துண்டுகளைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிடும். அப்புறம் உடனே விரிக்காமல், ஓரமாக ஒதுங்கி எட்டுக் கம்பியையும் ஒருமுறை பாருங்கள்.

பட்டன் குடை: அமுக்கினால் ஒன்றும் நடக்கவில்லை, பாதி திறக்கிறது, மூட மறுக்கிறது

பட்டனை அமுக்கினால் விரிந்து, மறுபடி அமுக்கினால் மூடும் வகையைச் சொல்கிறேன். தண்டுக்குள் நீளமான அழுத்துச் சுருள்வில் ஒன்று ஒடுங்கிக் காத்திருக்கும். பட்டன் கொக்கியை விடுவித்ததும் தண்டு பாய்ந்து நீளும். கைப்பிடிப் பக்கம் தொடங்கி, உச்சியில் உள்ள சிறிய சக்கரத்தின்மேல் ஏறி, வளையத்துக்கு இறங்கும் நைலான் கயிறு ஒன்று உள்ளே ஓடுகிறது. தண்டு நீள நீள அந்தக் கயிறு வளையத்தை மேலே இழுக்கும், கிணற்றுச் சகடையில் வாளி ஏறுவது போல. இரண்டாம் முறை அமுக்கும்போது கயிறு மட்டும் தளர்கிறது. தாங்குகம்பிகளில் இருக்கும் குட்டிச் சுருள்வில்கள் குடையை மடக்குகின்றன. தண்டை மட்டும் நாம் கையால் உள்ளே தள்ள வேண்டும். அப்போது கை வலிக்கிறதே, அந்த வலிதான் அடுத்த முறை குடையைத் திறக்கப்போகும் விசை.

அமுக்கினால் எதுவுமே நடக்கவில்லையா? கொக்கி இறுகியிருக்கும். குடையை யார் முகத்துக்கும், உங்கள் முகத்துக்கும் நேராகப் பிடிக்காதீர்கள். உச்சியைச் சுவரில் ஊன்றி, கைப்பிடியை ஒரு நூலளவு உள்ளே தள்ளியபடியே பட்டனை அமுக்குங்கள். கொக்கியின்மேல் இருக்கும் பாரம் இறங்கினால் அது விட்டுக்கொடுக்கும்.

பாதி திறக்கிறதா? வளையத்தைக் கையால் மேலே தள்ளிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் மூட்டுகளில் குறையில்லை, கயிறு அறுந்தது அல்லது சக்கரத்திலிருந்து நழுவியது. முரண்டு பிடித்தால் கயிறு நன்றாக இருக்கிறது, மூட்டுகள் துருப்பிடித்திருக்கின்றன. ஒவ்வொரு ரிவெட்டுக்கும் ஊசி முனையால் எண்ணெய் தொட்டு வைத்து, பத்துப் பதினைந்து தடவை கையால் விரித்து மூடுங்கள். எண்ணெய் துணியில் பட்டால் கறை போகாது.

மூட மறுத்தால், பட்டனை அமுக்கியபடியே வளையத்தை லேசாகக் கீழே இழுத்துக் கொடுங்கள். இறங்கினால் மடக்கும் சுருள்வில்கள் தளர்ந்துவிட்டன என்று பொருள். இனிக் கையால் உதவிக்கொண்டே ஓட்டலாம். இறங்கவே இல்லையென்றால் உள்ளே கயிற்றைப் பிடிக்கும் பூட்டு சிக்கியிருக்கிறது. உள்ளே தள்ளினால் மாட்டாமல் திரும்பி வந்தால், அநேகமாக உச்சிக்கும் கைப்பிடிக்கும் நடுவில் துணி மாட்டியிருக்கும். பாதியில் கையை விட்டால் கைப்பிடி முகத்துக்கே பாயும். குழந்தைகளிடம் இந்தக் குடையைக் கொடுக்காததற்கு அதுதான் காரணம்.

கயிறோ உள்பூட்டோ போயிருந்தால் தண்டைப் பிரிக்காதீர்கள். நான் பிரித்தேன். கைப்பிடியின் ஆணியை எடுத்த நொடியில் சுருள்வில் பறந்து பக்கத்து வீட்டு மொட்டைமாடியில் விழுந்தது. அதை வாங்கி வந்தும் பயனில்லை, என்னால் மறுபடி உள்ளே அடைக்க முடியவில்லை. முதலில் சொன்ன அந்தக் குடை இதுதான்.

கைப்பிடி சுழல்கிறது, கழன்று வருகிறது

கையால் விரிக்கும் குடையாக இருந்தால் பயமில்லை. குழாயின் முனையை உப்புத்தாளால் தேய்த்து, இரண்டு பாகம் கலக்கும் எபாக்ஸிப் பசை பூசி, ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். உடனடிப் பசை வேண்டாம், அதிர்ச்சிக்கு விட்டுவிடும். பட்டன் குடையில் கைப்பிடி கழன்றால் மேலே சொன்ன சுருள்வில்லை நினைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே தூறுகிறது

உச்சியில் சொட்டினால் மேல்தொப்பி தளர்ந்திருக்கும், திருகி இறுக்குங்கள். தையல் வழியாகக் கசிந்தால் உட்புறமாக மெழுகுவர்த்தியால் தேய்த்துவிடலாம். மடிப்பு விழும் இடத்தில் ஊசி ஓட்டைகள் இருந்தால், அதற்கு நேர் கீழே உள்ள மூட்டில் ஏதோ துருத்திக்கொண்டிருக்கிறது. அதைத் தட்டையாக்கிய பிறகே ஒட்டுப் போடுங்கள். துணி முழுக்கப் பன்னீர் தெளிப்பதுபோலத் தூறினால் பூச்சு போய்விட்டது, வெயிலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

எதற்கும் மசியாத குடையையும் நான் குப்பையில் போடுவதில்லை. உச்சிக்குமிழ் உடைந்தாலும் கம்பிகள் நன்றாகவே இருக்கும். 'ப' துண்டுகள், இழுகம்பிகள், முனைத்தொப்பிகள் எல்லாவற்றையும் பிரித்து ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். போன வாரம் எதிர்வீட்டு அக்கா மூலை கழன்ற குடையோடு வந்தார்கள். டப்பாவில் அந்த அளவு முனைத்தொப்பி ஏழு இருந்தது. இப்போது ஆறு.